பெயர் என்ற முதல் பெட்டி

சென்ற கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு நாள், லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடைப்பட்ட நேரத்தில், நான் இறந்துவிட்டதாக எங்கள் ஊரில் பாதி நம்பியது. தவறு என்னுடையது. அந்த அறிவித்தலை எழுதியதும் நான்தான், ஏற்றியதும் நான்தான். அது எப்படி நடந்தது என்று இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் "தலை சரியில்லாமப் போச்சு" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அதுவும் உண்மைதான். ஆனாலும் அது மட்டும் காரணமில்லை.

எத்தாளையிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழியான களப்பு, நடுவில் வெங்காயத் தோட்டங்கள். பள்ளிவாசலை ஒட்டி ஒரு வாசிகசாலை உண்டு. கட்டாரில் வேலை செய்யும் ஊர்ப்பிள்ளைகள் சேர்ந்து, மூன்று வருடங்களுக்கு முன் அந்த வாசிகசாலைக்கு ஒரு வைஃபை இயந்திரம் அனுப்பினார்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி. சுவரில் ஆணியடித்து மாட்டினோம். யார் போனைத் திறந்தாலும் முதலில் ஒரு ஆங்கிலப் பக்கம் வரும். கம்பெனியின் படமும் இரண்டு வெற்றுக் கட்டங்களும் இருக்கும். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் உள்ளே போகலாம். கரையோரக் குடிசைகளான வாடிகளிலிருந்து வரும் மீன்பிடிக்காரர்கள் காற்றின் வேகம் பார்க்க வருவார்கள். அந்தப் பக்கத்தைக் கண்டதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதை மாற்றியது என் மகள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. புத்தளத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தாள். வாசிகசாலையின் பொறுப்பு என்னிடம் இருந்ததால் பின்னேரங்களில் என்னோடு வருவாள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பக்கங்களைக் கணினிக்கு இறக்கி, திருத்தி, மறுபடியும் ஏற்றலாம் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். முதல் தடவை ஏற்றியபோது தமிழ் எழுத்தெல்லாம் சதுரம் சதுரமாக வந்தது. நான் பயந்துபோய், "எடுத்துடு மகள், கட்டாரிலிருந்து வந்த சாமான் பழுதாப் போயிடும்" என்றேன்.

"பழுதாகாது வாப்பா. எழுத்த நாமதான் உள்ளுக்கு வெச்சுக் குடுக்கணும். இந்தப் பக்கம் வர்ற நேரத்துல போனுக்கு இன்னும் இன்டர்நெட் இல்லைதானே. வெளியால போய் எதையும் எடுக்க ஏலாது. வேண்டியதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கணும்."

பெட்டிக்குள் இடம் மிகக் குறைவு. ஒரு படம் போட்டால் எழுத்துக்கு இடமில்லை. அவள் படத்தை எடுத்துவிட்டாள். வெள்ளைப் பின்னணியில் பச்சை எழுத்து. மேலே ஸலாம், அதன் கீழே தொழுகை நேரங்கள், அடியில் 'உள்ளே செல்ல' என்று ஒரே ஒரு பொத்தான். பாஸ்வேர்ட் இல்லை. வாடிக்காரர் ஒருவர் அதை முதன்முதலாகப் பார்த்துவிட்டு, "எங்கட பாஷையில பேசுதே இது" என்று சிரித்ததை நான் கேட்டேன். அவள் கேட்காததுபோல இருந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து தன் உம்மாவிடம் மூன்று தடவை சொன்னாள்.

ஜனாஸா அறிவித்தலை, இறந்தவரின் நல்லடக்கச் செய்தியை, அந்தப் பக்கத்தில் போடும் யோசனை கச்சான் காலத்தில் வந்தது. ஊரில் யாராவது மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் அந்தச் சத்தத்தைக் காற்று களப்புப் பக்கம் கொண்டுபோய்விடும். கடற்கரை வாடிகளுக்கு ஒன்றும் கேட்காது. ஒருமுறை கரைக்கு வந்த ஒருவர் தன் சொந்த மாமாவின் ஜனாஸாவைத் தவறவிட்டார். கரையேறியதும் அவர் நேரே வந்தது வாசிகசாலைச் சுவருக்குத்தான். காற்று பார்த்துவிட்டுத் திரும்பவும் வாடிக்குப் போய்விட்டார். அவர் அழுததைப் பார்த்துவிட்டு வந்த மகள் அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள்.

எனக்காக வாசிகசாலைக் கணினியில் ஒரு படிவம் செய்தாள். படிவத்தின் பெட்டிகளை நிரப்பிக் கீழே அழுத்தினால் அறிவித்தல் பக்கம் தயாராகிவிடும். அதை அந்த வைஃபை ரவுட்டருக்குள் ஏற்றிவிட்டால் போதும். முதல் பெட்டி, பெயர். இரண்டாவது, தந்தை அல்லது கணவர் பெயர். பிறகு வயது, நல்லடக்க நேரம், இடம். அறிவித்தல் இருக்கும் நாட்களில் 'உள்ளே செல்ல' என்ற பொத்தான் மாறிவிடும். இறந்தவருக்காகப் பிரார்த்தித்துவிட்டேன் என்ற பொருளில் 'துஆச் செய்துவிட்டேன்' என்று வரும். அதை அழுத்தினால்தான் இன்டர்நெட் கிடைக்கும். நல்லடக்கம் முடிந்ததும் பக்கம் பழையபடி தொழுகை நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் வைத்த ஒழுங்கு. "மௌத்தானவங்கள நாள்கணக்கில வெச்சு விளம்பரம் பண்ணக் கூடாது வாப்பா" என்றாள்.

முதல் பெட்டியில்தான் பிரச்சினை வந்தது. எங்கள் ஊரில் ஒரு பெண் மௌத்தானால் ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரைச் சொல்வது வழக்கமில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் மகள் என்பார்கள். அதோடு சரி. மகளோ முதல் பெட்டியைக் கட்டாயமாக்கியிருந்தாள். அதை நிரப்பாவிட்டால் சிவப்பில் 'பெயர் இல்லாமல் அனுப்ப முடியாது' என்று வரும். பள்ளிச் செயலாளர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நல்ல மனிதர், என்னை நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"பொம்புளயள்ட பேர எதுக்கு மகள் இதில போடுறது? யார்ட உம்மா எண்டு ஊருக்கே தெரியுமே."

"தெரியும் எண்டா சொல்லுங்க பாப்போம் சாச்சா. உங்கட எதிர்வீட்டு மாமிட பேர் என்ன?"

"அவ... அவ ஐஸ்கார நானாட பெஞ்சாதி."

"அது நானாட பேரும் இல்லையே. அவர்ட தொழில்."

பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "முப்பது வருசமா அவட கையால கஞ்சி குடிச்சீக்கிறார், பேர் தெரியல்ல" என்று ஒருவர் கிண்டல் செய்தார். செயலாளரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு எப்போதுமே பயம். பள்ளியோடு மனஸ்தாபம் வரும், பெண்பிள்ளையைப் பற்றி ஊர் ஒரு கதை கதைக்கும், நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் அதைக் கேட்பார்கள் என்றெல்லாம் வீட்டுக்குப் போகும் வழியில் எண்ணிக்கொண்டு வந்தேன். வாசலில் வைத்துச் சொன்னேன்.

"அந்தப் பெட்டியக் கட்டாயம் இல்லாமச் செஞ்சிடு."

"சரி வாப்பா."

அவள் அதைச் செய்யவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. இரண்டு வருடங்களில் ஏழோ எட்டோ பெண்களின் பெயர்கள் அந்தப் பக்கத்தில் வந்தன. யாரும் சண்டைக்கு வரவில்லை. சில வீடுகளில் பெயரை அறிய அடையாள அட்டையைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

அவள் போனதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. டெங்குக் காய்ச்சல். ஐந்து நாள். டொக்டர்மார் தங்களால் ஆனதைச் செய்தார்கள். நான் அவளைக் கடலில் கால் நனைக்க விட்டதில்லை. புத்தளம் பஸ்ஸில் ஏறியதும் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை கோல் எடுக்கச் சொல்வேன். மோட்டார் சைக்கிளில் யார் பின்னாலும் ஏறக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். நுளம்பை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

அதிகாலையில் முடிந்தது. பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அஸருக்குப் பின் நல்லடக்கம் என்று முடிவானது. பெண்கள் உள்ளே குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். யாரோ பிளேன்டி தந்தார்கள். அது என் கையிலேயே ஆறிப்போனது. அப்போது செயலாளர் வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"நானா, கேக்கக் கூடாது... மைக்கில சொன்னோம். காத்து கடுமையா ஈக்கு. வாடிப் பக்கம் ஒருத்தருக்கும் கேட்டிருக்காது. அந்தப் பக்கத்தில போடணும். ஏத்துறதுக்கான பாஸ்வேர்ட் மகளுக்குத்தான் தெரியும்..."

"எனக்கும் தெரியும்" என்றேன். பரீட்சைக் காலத்தில் அவளுக்கு நேரமில்லாதபோது எனக்குச் சொல்லித் தந்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்க. நான் யாரையாவது கொண்டு..."

"நானே செய்றன்."

எழுந்து நடப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. செயலாளர் ஒலிபெருக்கியில் வாசித்த துண்டை என் கையில் தந்தார். லுஹர் தொழுகை முடிந்திருந்ததால் வாசிகசாலையில் யாரும் இல்லை. கணினியைப் போட்டேன். படிவம் திறந்தது. துண்டின் முதல் வரியில் என் பெயரும், அதற்குப் பின் 'அவர்களின் மகள்' என்றும் இருந்தன. எல்லாப் பெண்களின் துண்டும் அப்படித்தான் தொடங்கும். என் கை துண்டின் முதல் சொல்லை முதல் பெட்டியில் அடித்தது. அடுத்த பெட்டி, தந்தை. நான் ஒரு அரச காரியாலயத்தில் முப்பது வருடமாக எழுதுவினைஞர். என் பெயரை எழுதினால் அடுத்ததாக என் வாப்பாவின் பெயரைத்தான் எழுதுவேன். எத்தனை படிவங்களில் எழுதியிருப்பேன். அதையே எழுதினேன். மூன்றாவது வயது. இருபத்திரண்டு. விரல் அதற்கு மட்டும் வரவில்லை. வெறுமையாக விட்டேன். வயதுப் பெட்டி கட்டாயமில்லை. நேரத்தையும் இடத்தையும் நிரப்பினேன். சிவப்பு எதுவும் வரவில்லை. ஏற்றினேன். வாசித்துப் பார்க்காமலேயே கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து மதுரங்குளியிலிருந்து என் பழைய தோழன் வந்தான். அங்கே கடை வைத்திருக்கிறான். ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். யாரோ அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்ப, கடையைப் பூட்டாமலேயே மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறான். கேட்டுக்குள் நுழைந்தவன் கதிரையில் இருந்த என்னைக் கண்டு அப்படியே நின்றான். அவன் முகம் வெளுத்தது. பிறகு ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

"மச்சான்! டேய், நீ உசிரோட ஈக்கிறியா? அல்ஹம்துலில்லாஹ்! அல்ஹம்துலில்லாஹ்! எந்த நாய்டா அப்பிடிப் போட்டது?"

அழுதுகொண்டே சிரித்தான். முற்றத்தில் இருந்த யாரும் அசையவில்லை. அவன் என் தோளைப் பிடித்தபடியே மெல்லச் சுற்றிப் பார்த்தான். உள்ளே பெண்கள் ஓதும் சத்தம் அவனுக்கு அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப யார்?" என்றான்.

நான் சொன்னேன். அவன் என் காலடியில் மண்ணில் இருந்துவிட்டான். அன்றைக்கு அவன் சொன்ன அல்ஹம்துலில்லாஹ்வை இன்றுவரை தன்னால் மன்னிக்க முடியவில்லை என்கிறான். நான் அவனுக்கு எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்பதாக இல்லை.

உள்ளே நடந்தது இதைவிட மோசம். நுரைச்சோலையிலிருந்து வந்த என் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை, வந்த வேகத்தில் அவளைக் கட்டிப்பிடித்து, "ராத்தா, இந்த வயசிலேயே விதவையாக்கி இத்தா இருக்க வெச்சிட்டுப் போயிட்டாரே! கொமர்ப்புள்ளய வெச்சிக்கிட்டு இனி என்ன செய்வீங்க?" என்று கதறியிருக்கிறாள். கலியாணம் ஆகாத அந்தக் கொமர்ப்பிள்ளை அந்த அறையிலேயே கபன் துணியில் சுற்றப்பட்டிருந்தாள்.

யாரோ வாசிகசாலைக்கு ஓடிப்போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். வேறு வழி தெரிந்திருக்காது. திருத்துவதற்கு நேரமும் இல்லை. அஸர் வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். வாடிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். என் ஜனாஸாவுக்கு என்று வந்து அவளுக்குத் தொழுதார்கள்.

இரவுச் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. யாரும் தொடவில்லை. மனைவி என்னிடம் அன்று முழுவதும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அவட பேர் வரவே இல்லையா?"

"இல்லை."

அவள் சாப்பாட்டை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். என்னை ஏசியிருக்கலாம்.

அதன் பிறகு நான் வாசிகசாலைக்குப் போகவில்லை. கதவுத் திறப்புச் சாவியைச் செயலாளருக்குக் கொடுத்தனுப்பினேன். ரவுட்டர் அணைந்தபடியே கிடந்தது. மறுபடி போட்டால் என் மரண அறிவித்தல்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாரும் போடவில்லை. வாடிக்காரர்கள் காற்றுப் பார்க்க வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலின் மதில் ஓரம் போய் நின்றார்கள். ஒருவரும் என்னிடம் வந்து குறை சொல்லவில்லை. ஊர் என்னை அப்படிப் பொறுத்துக்கொண்டது எனக்கு மேலும் பாரமாக இருந்தது.

ஐந்தாவது மாதம் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வெகுநேரம் வெங்காய விலையைக் கதைத்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"புத்தளத்தில ஒரு ஆள் சொல்றார் நானா. பின்னால ஒரு சின்ன ஓட்டை ஈக்காம். ஊசியால கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிச்சா எல்லாம் அழிஞ்சு புதுசா வந்த மாதிரி ஆயிடுமாம். உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நாங்களே பாத்துக்குறோம்."

அவர் எனக்கு உதவி செய்யத்தான் வந்தார். ஆனால் எல்லாம் அழியும் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அழிவது என் தவறு மட்டுமல்ல. பச்சை எழுத்தும் ஸலாமும் அந்தப் பொத்தானும் அழியும். இடம் போதாமல் அவள் ஒவ்வொரு வரியாகக் குறைத்துச் செய்த பக்கம் அது. கம்பெனியின் ஆங்கிலப் பக்கம் திரும்ப வரும். கணினியில் இருக்கும் படிவத்தைத் தவிர, அவள் கையால் செய்தது இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? அவளுடைய மடிக்கணினி, அவள் போன பிறகு வந்த மழைக்காலத்திலேயே உயிரை விட்டிருந்தது.

"ஊசி குத்த வேணாம்" என்றேன். "திறப்பத் தாங்க. நான் வாறன்."

மறுநாள் லுஹருக்குப் பின் போனேன். தனியாகப் போகப் பயந்து மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அதற்கு முன் வாசிகசாலைக்குள் வந்ததே இல்லை. வயரைச் சொருகியதும் பெட்டியின் சிறு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. முதல் வேலையாக உள்ளே இருந்த பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் இறக்கினேன். சேமிப்பு என்ற பொத்தானை மட்டும் நம்பக்கூடாது, அது இயந்திரத்தின் அமைப்புகளை மட்டும்தான் எடுக்கும், பக்கங்களைத் தனியாக எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லித் தந்தது ஞாபகம் இருந்தது. இரண்டாவது தடவையும் இறக்கினேன், பயத்தில்.

பிறகு படிவத்தைத் திறந்தேன்.

நல்லடக்கம் முடிந்த பிறகு அறிவித்தல் இருக்கக் கூடாது என்பது அவளுடைய ஒழுங்கு. ஐந்து மாதம் கழித்துப் போடுவது அதற்கு மாறு. அதை மனைவியிடம் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தபடி, "அவ கோவிச்சா கோவிக்கட்டும்" என்றாள்.

முதல் பெட்டியில் மகளின் பெயரை எழுதினேன். இந்தக் குறிப்பில் யாருடைய பெயரையும் நான் எழுதவில்லை, அவளுடையதையும். அன்று எழுதினேன். இரண்டாவது பெட்டியில் என் பெயர். மூன்றாவதில் கை மறுபடியும் நின்றது. மனைவி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, எண்களைத் தேடித் தேடி, ஒரு விரலால் இரண்டு தடவை 2 அடித்தாள். இந்த முறை எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பார்த்தேன். அவளையும் வாசிக்கச் சொன்னேன். அவள் சத்தமாக வாசித்தாள். பெயரில் வந்து ஒரு தடவை நிறுத்தி, திரும்பவும் வாசித்தாள். ஏற்றினேன்.

அஸர் தொழுதுவிட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். சுவரில் விளக்கு எரிவதைக் கண்டு ஒருவர் போனை எடுத்தார். பிறகு இன்னொருவர். கரையேறிய வாடிக்காரர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். நானும் மனைவியும் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். சிலர் கைகளை ஏந்தி நின்றுவிட்டு அதன் பிறகு பொத்தானை அழுத்தினார்கள். கணினித் திரையில், உள்ளே வந்த போன்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தன. செயலாளர் வாசலில் வந்து நின்றார். தன் போனைப் பார்த்தார். அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாலை மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பக்கத்தைத் தொழுகை நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். பச்சை எழுத்தில் பெயர். கீழே பொத்தான்.

"இத அமுக்கினா என்ன ஆகும்?"

"உள்ளுக்குப் போகலாம். இன்டர்நெட் வரும்."

"பேர்?"

"பக்கம் போயிடும். இந்த போன்ல திரும்ப வராது."

"அப்ப ஈக்கட்டும்" என்றாள்.

போனின் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அது அணைந்துவிடாமல் இருக்க, பொத்தானில் படாதபடி, திரையின் மேல் ஓரத்தில் பெருவிரலை வைத்தாள். மறுபடி மங்கியது. மறுபடி வைத்தாள். பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தோம்.